முழங்கை மடிப்பில் மூன்று நாள்

எதையும் தன் இடது முழங்கை மடிப்பில் போட்டுப் பார்க்காமல் அவர் நல்லதென்றும் சொல்லமாட்டார், கெட்டதென்றும் சொல்லமாட்டார். கடையில் புதிதாக வந்த பாத்திரம் கழுவும் தண்ணீர், மகள் வாங்கி அனுப்பிய வாசனைத் தைலம், கொசுவுக்குத் தடவும் மருந்து, எல்லாம் முதலில் அங்கேதான் போகும். ஒருமுறை கோயிலில் புதுப் பொட்டலம் பிரித்து விபூதி கொடுத்தார்கள். மனிதர் அதைக்கூட நெற்றிக்குக் கொண்டுபோகுமுன் முழங்கைக்குள் ஒரு இழு இழுத்துக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். குருக்கள் முறைத்தார்.

“சாமி மேல சந்தேகமில்ல சாமி. பொட்டலம் கட்டுனவன் மேலதான்” என்றார் இவர்.

அலோர் காஜாவில், எங்கள் தாமான் குடியிருப்பில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். காலையில் வேலிப் பக்கம் கண்டால் “பசியாறியாச்சா?” என்று கேட்பார். ஆயிற்று என்று சொன்னாலும் அண்ணியிடம் சொல்லி ஒரு தோசையாவது கொடுத்தனுப்புவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “பொண்ணு பாக்கப் போனப்பவும் முழங்கையில வச்சு மூனு நாள் பாத்தீங்களா அண்ணே?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “அதுல மட்டுந்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றார். உள்ளே அண்ணி கரண்டியைத் தட்டிய சத்தம் தெருவுக்கே கேட்டது.

அவருடைய கைகளைப் பார்த்தால் அந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று புரியும். புலாவ் செபாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயதில் பால் ஸ்டோரில் வேலை. ரப்பர்ப்பாலை உறைய வைக்க ஆசிட் கலக்குவார்கள். கையுறை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத காலம். மூன்று வருடத்தில் உள்ளங்கைத் தோல் வெடித்துப் பாளம் பாளமாகப் போய்விட்டது. அதன்பிறகு எந்தச் சோப்பைத் தொட்டாலும் எரியும். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனால், அங்கே வைத்திருக்கும் சோப்பைப் பார்த்துவிட்டு வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டு வருவார்.

ரப்பர் போய்ச் செம்பனைத் தோட்டம் வந்தபிறகு அவர் ஊருக்கு வந்து ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் பீப்பாய் உருட்டும் வேலையில் சேர்ந்தார். முகம் கழுவும் சோப்புக்கும் குழந்தைச் சோப்புக்கும் சேர்க்கும் சாமான்கள் அங்கே வந்து இறங்கும். அதில் ஒன்று, அழுக்கை எடுக்கும் ஒரு தண்ணீர். தேங்காய் எண்ணெயிலும் சோளச் சீனியிலும் செய்வது. டெசில் குளுக்கோசைட் என்று பீப்பாயில் எழுதியிருக்கும். ஒருநாள் பீப்பாய் ஒழுகி அவர் கையில் கொட்டியதாம். பதறிப்போய்க் குழாயடிக்கு ஓடினால், கழுவிய பிறகு கை எரியவில்லை. இருபது வருடத்தில் முதன்முறையாக அழுக்கும் போய், தோலும் தோலாக இருந்தது. “அழுதுட்டேன் தங்கச்சி, பொய் சொல்லல” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஓய்வு பெற்றதும் தனக்கென்று அதை வாங்கிக் கலந்துகொண்டார். வேலியோரம் நின்று கேட்டுக் கேட்டு நானும் ஒட்டிக்கொண்டேன். என் வீட்டுப் பின்கட்டில் அவர் கலப்பது, நான் பாட்டலில் ஊற்றி ஒட்டுத்தாள் ஒட்டுவது, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மேசை போட்டு விற்பது. கடைசியில் போனிலேயே ஆர்டர் வர ஆரம்பித்தது. விற்பது என் பாடு. சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பாடு. அவருக்கு வியாபாரத்தில் ஆசையே கிடையாது. அவர் கையைப் போல எரிகிற கைகள் ஊரில் இன்னும் நிறைய இருக்கின்றன என்பதுதான் அவர் கவலை.

ஆரம்பத்தில் எங்களுக்குள் நுரையால் சண்டை. அந்தத் தண்ணீர் அதிகம் நுரைக்காது. நம் ஆட்களுக்கோ நுரை பொங்கி முழங்கை வரை வழிந்தால்தான் குளித்த மாதிரி. “என்னாம்மா, பச்சத் தண்ணிய பாட்டல்ல ஊத்தி விக்கிறியா?” என்று மேசைக்கு முன்னால் நின்று நாலு பேர் கேட்க ஒரு பெண் கேட்டுவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. நுரை வரும் பொடி கொஞ்சம் போடுவோமே அண்ணே என்று கெஞ்சினேன்.

“நுரை பாக்குறவன் கண்ணுக்கு. தோலுக்கு அதனால என்னா லாபம்? நீ வேணும்னா போட்டுக்கலா. நான் வட்டம் போடமாட்டேன்” என்றார்.

வட்டம் என்பது அவருடைய குறி. கலந்ததை முழங்கை மடிப்பில் தடவி, மூன்று நாள் காலையும் மாலையும் பார்த்து, ஒன்றுமில்லை என்றால் பாட்டலின் அடியில் கறுப்பு மையால் ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைப்பார். பால் ஸ்டோரில் பார்த்து முடித்த வாளிக்கு அப்படித்தான் குறி போடுவார்களாம். வாங்குகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது. ஒட்டுத்தாளில் நான் எழுதிவைத்த கதையை யாரும் படிக்கவில்லை. பாட்டலைத் தலைகீழாகப் பிடித்து வட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

பின்தெருவில் சர்க்கரை வியாதிக்கார அம்மா ஒருவர், “இதுல குளுக்கோஸ் இருக்குன்னு எழுதியிருக்கே, எனக்குக் கெஞ்சிங் மானிஸ் ஆச்சே, டாக்டர் சீனியத் தொடக்கூடாதுன்னுட்டாரே” என்று பாட்டலைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் சிரிப்பை அடக்கமாட்டாமல் உள்ளே ஓடிவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி அந்த அம்மா வீட்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தார். “மூனு நாள் பாருங்கம்மா. சீனியா இருந்தா எறும்பு விடுமா?” என்றார். மூன்று நாளும் காலையில் போய் அந்த அம்மாவோடு நின்று தட்டைப் பார்த்தார். நாலாம் நாள் அந்த அம்மா இரண்டு பாட்டல் வாங்கினார்.

அந்தத் தண்ணீரைப் பற்றி அவர் எனக்கு ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொல்வார். வாங்கி வந்தபடியே இருந்தால் அதில் காரம் அதிகம், தோலைக் கடிக்கும். எலுமிச்சை உப்பைக் கரைத்து, அந்தப் புளிப்பை ஊற்றிக் காரத்தை இறக்க வேண்டும். பிறகு காரத்தைக் காட்டும் சோதனைத் தாள்துண்டு ஒன்றை முக்கிப் பார்க்க வேண்டும். தாள் மஞ்சளாக நின்றால் சரி, நீலம் ஏறினால் ஆகாது. “சாது மிரண்டா காடு கொள்ளாதும்பாங்களே, இந்தத் தண்ணி அந்தச் சாதி. புளிப்ப மட்டும் மறந்துடாத” என்பார். நூறு தடவை சொல்லியிருப்பார். “மறக்கமாட்டேன் அண்ணே, நீங்க போய்ப் படுங்க” என்று நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. முப்பதாம் நாள் சாமி கும்பிட்டு முடியிறக்குவதாக ஏற்பாடு. முடியிறக்கியதும் பிள்ளையைக் குளிப்பாட்ட எங்கள் பாட்டல்தான் வேண்டும் என்று ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிட்டாள். அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கைக்குழந்தைக்கு என்றால் அவர் தனியாகக் கலப்பார். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. என் பின்கட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டல் அளவுக்குக் கலந்தார். புளிப்பு ஊற்றினார். தாளை முக்கி என் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, “பாத்துக்க, மஞ்சள்” என்றார். மூன்று நாள் முழங்கையில் வைத்துப் பார்த்தார். வட்டம் போட்டு அலமாரியில் தனியாக எடுத்து வைத்தார்.

முப்பதுக்கு முதல் நாள், டுரியான் துங்காலில் இருந்து ஒரு பெண் காடியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். என்னிடம் நிறைய வாங்குகிறவள், நாலு பேரிடம் சொல்லி விற்றுத் தருகிறவள். அவள் தங்கைக்கும் குழந்தை பிறந்திருக்கிறதாம், உடனே வேண்டுமாம். அவள் கண் அலமாரிக்குப் போயிற்று. “அது வேற ஆளுக்கு” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று கலந்தால் போயிற்று, இதென்ன பெரிய வித்தையா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் புலாவ் செபாங் போய்விட்டார். பால் ஸ்டோரில் கூட வேலை செய்தவர் யாரோ இறந்துபோனார், கேதத்துக்கு. நான் அடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, காதில் போன் ஒன்று என்று நின்றபடி கலந்தேன். குழந்தையின் அப்பா மோட்டாரில் வந்து வாசலில் ஹாரன் அடித்தான். “அக்கா, முடி எடுக்கிறவரு வந்துட்டாரு, சீக்கிரங்கக்கா!” புளிப்பு ஊற்றினேனா? ஊற்றியதாகத்தான் நினைத்தேன். தாள் முக்கவில்லை. முழங்கையில் வைக்கவில்லை. பாட்டலை நீட்டும் நேரத்தில் அடியில் ஒன்றும் இல்லையே என்று ஞாபகம் வந்தது. வட்டம் இல்லாமல் கொடுத்தால் கேட்பார்கள். மேசை மேல் அவருடைய கறுப்பு மைப் பேனா கிடந்தது. வட்டம் போட்டேன், புள்ளி வைத்தேன். அசல் மாதிரியே வந்தது.

எலுமிச்சை உப்புக் கரைசல் கிண்ணத்தில் அப்படியே இருப்பதை மத்தியானம் பார்த்தேன். போனை எடுக்குமுன்னே தெருமுனையிலிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் மழித்த தலை. பச்சைத் தோல். அதில் அந்தக் காரம் பட்டால் எப்படி இருக்கும்? தலை முழுக்கச் செக்கச்செவேலென்று சிவந்து, பிள்ளை மூச்சுப் பிடிக்க அழுதது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பயப்பட ஒன்றுமில்லை, தோல் எரிச்சல்தான் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பிள்ளைக்கு ஆறிவிட்டது.

மாலையில் பிள்ளையின் அம்மா பாட்டலை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கேதத்திலிருந்து வந்து குளித்துவிட்டு அவர் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. கண்ணெல்லாம் வீங்கி, பாட்டலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள்.

“வட்டம் இருக்கு அங்கிள். அத நம்பித்தான் ஊத்துனேன்.”

அவர் வாங்கிப் பார்த்தார். தாள்துண்டு கொண்டுவரச் சொல்லி முக்கினார். நீலம். சட்டைக் கையை ஏற்றிவிட்டு முழங்கை மடிப்பில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தோல் சிவக்க ஆரம்பித்தது. துடைக்கச் சொன்னோம், துடைக்கவில்லை.

“இத நான் மூனு நாள் வச்சுப் பாத்தேனே” என்றார். என்னைப் பார்த்தார். “வச்சுப் பாத்தேன்ல?”

அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அண்ணே, அந்தப் பாட்டல் டுரியான் துங்காலுக்குப் போயிடுச்சு, இது நான் கலந்தது, வட்டமும் நான் போட்டது. இவ்வளவுதான். அந்தப் பெண் என்னைக் காறித் துப்பியிருப்பாள். தாமான் முழுக்கத் தெரிந்திருக்கும், மேசையை மடக்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்தால் என்ன, செத்தா போயிருப்பேன்? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்து அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார். “தப்பு என்னுதும்மா. புளிப்பு ஊத்த மறந்திருக்கேன். பாக்காமலே குறியும் போட்டிருக்கேன்” என்றார். மறுநாள் காலை அவள் வீட்டுக்கும் போய், குழந்தை முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாராம். அண்ணிதான் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டே நான் அவர்கள் வீட்டுக் கோப்பியைக் குடித்தேன். எப்படி இறங்கியதோ தெரியவில்லை.

அத்தோடு போயிருந்தால் காலம் ஆற்றியிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். போகவில்லை. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பிள்ளைகள் பெயரெல்லாம் மறந்து, தோட்டம் மூடிப் பல வருடம் ஆனபிறகும் விடியற்காலையில் எழுந்து, பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் கூப்பிடுவாங்க என்று வாளியைத் தேடுவாராம். தனக்கும் அது வந்துவிட்டது என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். மோட்டார் ஓட்டுவதை விட்டார். கேஸ் அடுப்புப் பக்கம் போவதை விட்டார். வாசல் கதவைப் பூட்டிவிட்டு நாலு தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அண்ணி கட்டாயப்படுத்திக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டாக்டர் என்னென்னவோ கேட்டுவிட்டு, வயதுக்கு நன்றாகவே இருக்கிறார், ஒன்றுமில்லை என்றார்.

“டாக்டருக்கு என்னா தெரியும் தங்கச்சி? கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன். புளிப்பு ஊத்துனியான்னு அவரு கேக்கலியே” என்று என்னிடம் வந்து சொன்னார்.

கலப்பதற்கு அவர் அதன்பிறகு வரவில்லை. நானே கலந்தேன், ஒவ்வொரு முறையும் தாள் முக்கினேன். கேட்பவர்களிடம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்றேன். உடம்பில் ஒரு குறையும் இல்லாத மனிதரை, நான் சொல்லிச் சொல்லியே நோயாளி ஆக்கினேன்.

ஆறு மாதம் போனதும் மகள் கிள்ளானிலிருந்து வந்து, இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றாள். அண்ணிக்கு விருப்பமில்லை. அவர்தான் சரி என்றார். சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது வேலிப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

“ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லணும். அந்தப் பாட்டலுக்கு நான் புளிப்பு ஊத்துன மாதிரியேதான் இருக்கு. தாள உன் மூஞ்சிக்கு நேரா தூக்கிக் காட்டுன மாதிரியும் இருக்கு. மஞ்சள்னு சொன்னேன்லா. நீ பாத்தியா? பாத்திருந்தா சொல்லு. நான் இந்த வீட்ட விட்டுப் போகமாட்டேன்.”

ஒன்றுகூட அவர் மறக்கவில்லை. தாளை எந்தக் கையில் பிடித்தார் என்பது உட்பட எனக்கும் ஞாபகம் இருந்தது. பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

“கவனிக்கலண்ணே” என்றேன்.

“நீ என்னா பண்ணுவ, உனக்கு ஆயிரம் வேலை” என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனார்.

இப்போதும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் செய்வார். குரல் கணீரென்று இருக்கும். பாசார் மாலாமில் என் மேசைக்குப் பக்கத்து மேசைக்காரன் மகனுக்கு வேலை கிடைத்ததா என்பதுவரை ஞாபகமாகக் கேட்பார். ஒவ்வொரு தடவையும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுப்பேன். சென்ற மாதம் பண்டிகை இல்லாத நாளில் கூப்பிட்டார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், பெண் குழந்தை.

“தாத்தா கையால குளிப்பாட்டணும்னு மக ஒத்தக் கால்ல நிக்கிறா. வெந்நி வச்சு, துண்டெல்லாம் எடுத்து வச்சுட்டா” என்றார். “நான் தொடமாட்டேன்னுட்டேன் தங்கச்சி. தூரத்துல இருந்து பாத்துக்குறேன். என்னைய நம்பி எதுக்கு வம்பு, என்னா சொல்ற?”

“ஆமாண்ணே” என்றேன். “எதுக்கு வம்பு.”